பிள்ளை வளர்ந்துவிட்டது, மட்டக்குதிரையை வைத்துக்கொள்வதா விற்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் குடியிருக்கிறோம். என் மகளுக்கு ஆறு வயதானபோது பிஸ்கட் என்ற வெல்ஷ் மலை மட்டக்குதிரையை வாங்கினோம். அப்போது அதற்கு வயது 11. மகளுக்குப் பன்னிரண்டு நடக்கும்போது, இனி இதை என்ன செய்வது என்ற கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. முடிவெடுக்க எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. அந்த வருடத்தை அருகிலிருந்து பார்த்த நண்பர்கள் தங்கள் முறை வரும்போது என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்பவை இங்கிலாந்துக்கு உரியவை.

மட்டக்குதிரை என்பது குதிரைக்குட்டிதானே? வளர்ந்தால் பெரிய குதிரையாகிவிடாதா?

ஆகாது. ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். மட்டக்குதிரை முழு வளர்ச்சி அடைந்த பிறகும் குட்டையாகவே இருக்கும் இனம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் உயரத்தை அளப்பார்கள். அளவு ‘கை’ கணக்கில். ஒரு கை என்பது 4 அங்குலம். 14 கை 2 அங்குலம், அதாவது ஏறக்குறைய 148 சென்டிமீட்டர் வரை மட்டக்குதிரை என்பது பொதுக் கணக்கு. ஷெட்லாந்து இனம் 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பிஸ்கட் போன்ற வெல்ஷ் மலை இனத்துக்கு உச்ச அளவு 12 கை. நியூ ஃபாரஸ்ட், கானமாரா இனங்கள் 14 கைக்கு மேலும் போகும். பிஸ்கட் ஆறு வருடம் முன்பு இருந்த உயரத்தில்தான் இன்றும் இருக்கிறது. என் மகள் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டாள்.

பிள்ளைக்குக் குதிரை சிறியதாகிவிட்டது என்பதை எப்படி அறிவது?

கண்ணுக்குத் தெரியும், நாம்தான் பார்க்க மறுப்போம். ஒரு சனிக்கிழமை காலை மகள் வட்டமடிப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பாதங்கள் பிஸ்கட்டின் வயிற்றுக்கும் கீழே தொங்கின. குதிகாலால் தட்டவேண்டும் என்றால் முழங்காலை மடக்கிக் காலை மேலே இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சேணத்தில் பின்புறம் இடம் போதாமல் பின்விளிம்பின் மேல் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

கண்ணை நம்ப வேண்டாம் என்றால் எடையைப் பாருங்கள். சவாரி செய்பவர், சேணம், தலைக்கவசம், பூட்ஸ் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது குதிரைக்காரர்கள் பரவலாகச் சொல்லும் எல்லை. கொஞ்சம் கவனமாக இருப்பவர்கள் 15 சதவீதத்திலேயே நிறுத்திக்கொள்வார்கள். 230 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை என்றால் ஐந்தில் ஒரு பங்கு 46 கிலோ. சேணமும் உடுப்பும் 6 கிலோ போனால் பிள்ளைக்கு மிஞ்சுவது 40 கிலோ. அதுவும் உச்ச எல்லை.

இந்தக் கணக்கில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். குதிரை கொழுத்திருந்தால் அதன் இப்போதைய எடையை எடுத்துக்கொண்டு, இன்னும் கனமாகச் சுமக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கொழுப்பே அதற்கு ஒரு சுமை. இருக்கவேண்டிய எடையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வயதாகிவிட்டாலோ, கால் மூட்டில் தேய்மானம் இருந்தாலோ எல்லையை இன்னும் கீழே இறக்குங்கள்.

நானே ஏறி ஓட்டலாமா?

குதிரை எது என்பதைப் பொறுத்தது. ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட் போன்ற தடித்த எலும்புள்ள மலை இனங்கள் அதிக எடையில்லாத பெரியவரைச் சுமக்கும். ஸ்காட்லாந்து மலைகளில் வேட்டையாடிய மான்களைச் சுமந்து வந்தவை ஹைலேண்ட் குதிரைகள்தாம். எலிசபெத் மகாராணி 2020இல், தமது 94ஆம் வயதில், வின்ட்சரில் ஒரு ஃபெல் மட்டக்குதிரை மேல் அமர்ந்திருந்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் நிற்பது அப்படிப்பட்ட இனமாக இருந்தால், தாயோ தந்தையோ சவாரி கற்றுக்கொள்வது விற்பதைவிட நல்ல வழி. 12 கை வெல்ஷ் குதிரைக்கு அந்த வழி இல்லை. வண்டியில் பூட்டப் பழக்கலாம். ஆனால் அதற்குப் பழக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சும்மா பூட்டிப் பார்க்கும் வேலை இல்லை.

உயரம் சரியாகத்தான் இருக்கிறது. பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது. விற்றுவிடலாமா?

ஒரு குளிர்காலத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். டிசம்பரில் இங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. சேற்றில் பூட்ஸ் புதைய, உறைந்த தண்ணீர்த் தொட்டியை உடைத்துக்கொண்டு நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஆர்வம் குறைவது இயல்பு. ஏப்ரல் வரை பொறுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆர்வம் இல்லை என்று பிள்ளை சொன்னால், அது பயமாக இருக்கலாம். என் மகள் ஒரு முறை வேலி தாண்டும்போது விழுந்தாள். அடி பெரிதில்லை. அடுத்த வாரம் வயிற்றுவலி என்றாள், அதற்கடுத்த வாரம் வீட்டுப்பாடம் என்றாள். குதிரைக்குத் தீனி வைக்க வருவாள், உடம்பு தேய்த்துவிடுவாள், பிடரி மயிரைப் பின்னிவிடுவாள். சேணத்தை மட்டும் எடுக்கமாட்டாள். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அப்போது விற்றிருந்தால், தான் பயந்ததால்தான் பிஸ்கட் போனது என்ற எண்ணம் அவள் மனத்தில் தங்கியிருக்கும். நல்ல ஆசிரியர் ஒருவரிடம் ஆறு வகுப்பு, கயிறு பிடித்து நடத்தும் சவாரியிலிருந்து மறுபடி தொடங்கினோம். சரியாகிவிட்டது.

உண்மையாகவே ஆர்வம் போயிருந்தால் அது பிள்ளையின் உரிமை. அதற்காகத் திட்டாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் லாயத்துக்குப் போய்ச் சாணம் அள்ளியது யார்? அது நீங்கள் என்றால், குதிரை ஏற்கெனவே உங்களுடையதாகிவிட்டது. இனி நீங்கள் அதை விரும்புகிறீர்களா என்பதுதான் கேள்வி.

சவாரி செய்யாமல் சும்மா நின்றால் செலவு குறையுமா?

மிகக் கொஞ்சம்தான். குதிரை ஓடினாலும் நின்றாலும் தின்னும். நாங்கள் வாடகை லாயத்தில் புல்வெளிக்கு மட்டும் வாரம் 35 பவுண்டு கொடுத்தோம், வருடத்துக்கு 1,820. வேலையெல்லாம் நாங்களே செய்தோம். லாடம் அடிக்காத குதிரைக்கும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் செதுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது பல்லைப் பார்க்க வேண்டும், வயதான குதிரைக்கு அதற்கும் மேல். சளிக்காய்ச்சல் தடுப்பூசி, டெட்டனஸ் தடுப்பூசி, சாணத்தில் புழு முட்டை எண்ணும் சோதனை, குளிர்காலத்துக்கு உலர்புல், காப்பீடு. இவற்றில் எதையும் சவாரி நின்றதற்காக நிறுத்த முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை நேரில் போய்ப் பார்க்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். விற்க நினைப்பவர்கள் பணத்தைவிட இந்த நேரத்தினால்தான் விற்கிறார்கள். அதை வெளியே சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

எத்தனை வயது வரை விற்கலாம்?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. பிள்ளையின் வயதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குதிரையின் வயதைப் பாருங்கள்.

மட்டக்குதிரைகள் நீண்ட ஆயுள் கொண்டவை. 25 வயது சாதாரணம், முப்பதைத் தாண்டுபவையும் உண்டு. வெஸ்ட் சசெக்ஸில் சுகர் பஃப் என்ற மட்டக்குதிரை 2007இல் இறந்தபோது அதற்கு வயது 56. அது அபூர்வம்தான். ஆனாலும் உங்கள் பிள்ளை பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்குப் போன பிறகும் அந்தக் குதிரை எங்கோ ஒரு வயலில் உயிரோடு நிற்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது அதற்குத் தீனி வைப்பவர் யார் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் விற்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

எட்டு, பத்து, பன்னிரண்டு வயதில், நடையில் குறையில்லாமல், சிறு பிள்ளைகளிடம் பொறுமையாக நிற்கும் மட்டக்குதிரையைத் தயங்காமல் விற்கலாம். விற்கத்தான் வேண்டும் என்றே சொல்வேன். அதற்கு இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளின் குழந்தைப்பருவம் மிச்சம் இருக்கிறது. உங்கள் வயலில் வேலை இல்லாமல் நிற்பது அதற்கு நன்மை இல்லை. இந்த நாட்டில் நல்ல மட்டக்குதிரைகள் கைமாறிக் கைமாறித்தான் வாழ்கின்றன. பிள்ளைகளுக்கான சவாரி அமைப்பாக 1929இல் தொடங்கப்பட்ட போனி கிளப்பின் உள்ளூர்க் கிளைகளில், ஒரு பிள்ளை வளர்ந்ததும் அடுத்து எந்தப் பிள்ளைக்கு என்பதைத் தாய்மார்கள் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். விளம்பரத்துக்கே வராத குதிரைகள் அவை.

பதினைந்து, பதினாறு, பதினேழு கொஞ்சம் சிக்கலான வயது. இன்னும் ஒரு பிள்ளையைச் சுமக்கும். அந்தப் பிள்ளையும் வளர்ந்தபின் அதை யாரும் வாங்கமாட்டார்கள். இந்த வயதுக்கு இரவல் கொடுப்பதே சரி என்பது என் முடிவு. கீழே விளக்கியிருக்கிறேன்.

இருபதைத் தாண்டியதை விற்காதீர்கள். காசுக்கும் விற்காதீர்கள், சும்மாவும் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் பத்து வருடம் முதுகு கொடுத்துவிட்டு, பல் தேய்ந்து, ஊறவைத்த தீனி வேண்டியிருக்கும் நேரத்தில் அதை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பது சரியில்லை. ஊரில் உழுது ஓய்ந்த மாட்டை அடிமாட்டுக்கு ஏற்றிவிடும் வீட்டைப் பற்றி எங்கள் பாட்டி என்ன சொல்வாரோ, அதையேதான் நானும் இங்கே சொல்கிறேன்.

குளம்பு நோய் ஒரு முறை வந்து சரியாகிவிட்டது. வாங்குபவரிடம் சொல்லவேண்டுமா?

சொல்லியே ஆகவேண்டும். லாமினைட்டிஸ் என்ற அந்த நோயை இந்த நாட்டு மட்டக்குதிரைகளின் சாபம் என்றே சொல்லலாம். குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைத்து வைக்கும் மெல்லிய திசு மடிப்புகள் வலுவிழந்து போகின்றன. முற்றினால் எலும்பு நகர்ந்து கீழே இறங்கும். மலையில் சத்துக் குறைந்த புல்லைத் தின்று பிழைக்கப் பழகிய உடம்பு இது. வசந்தகாலத்துப் பச்சைப்புல்லில் உள்ள சர்க்கரையைத் தாங்காமல் இன்சுலின் கோளாறு வருகிறது. பெரும்பாலான நேரங்களில் நோய்க்கு வேர் அதுதான்.

பிஸ்கட்டுக்கு ஒரு மே மாதம் வந்தது. காலையில் போனபோது முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்கால்களில் போட்டுக்கொண்டு நின்றது. அழைத்தும் வரவில்லை. கணுக்காலின் பின்புறம் இரண்டு விரலை வைத்தேன். சாதாரணமாகத் தேடித்தான் பிடிக்க வேண்டிய நாடி, விரலில் முட்டிக்கொண்டு துடித்தது. அதன்பிறகு அதன் வாழ்க்கையே மாறிவிட்டது: வாய்க்கு வலைமூடி, வேலியால் குறுக்கிய சிறு புல்வெளி, தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரை இறக்கிய உலர்புல். இதைத் தெரிந்துகொள்ளாத வீட்டுக்குப் போனால் ஒரே வசந்தத்தில் மறுபடி படுத்துவிடும். மறைத்து விற்றால் ஏமாறுவது வாங்குபவர் மட்டும் இல்லை. குதிரைக்கு அது மரண ஆபத்து.

பதினைந்து வயதுக்கு மேல், கோடை வந்தும் நீண்ட ரோமம் உதிராமல் நின்றால் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு இருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பாருங்கள். இருந்தால் ஆயுள் முழுதும் தினம் ஒரு பெர்கோலைடு மாத்திரை தர வேண்டும். அதுவும் சொல்லவேண்டிய விஷயம்தான்.

சட்டமும் இருக்கிறது. தனி ஒருவர் விற்கும்போது, வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் நீங்கள் எழுதியதோ சொன்னதோ பொய்யாக இருந்தால், 1967ஆம் ஆண்டின் தவறான எடுத்துரைப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் மேல் வழக்குப் போடலாம். வியாபாரிகளுக்கு இன்னும் கடுமையான 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். வாங்குபவர் கால்நடை மருத்துவரை வைத்து ஐந்து கட்டப் பரிசோதனை செய்வார். அப்போது எடுக்கும் இரத்தத்தை வழக்கமாக ஆறு மாதம் பத்திரப்படுத்துவார்கள். வலி மருந்து கொடுத்து நிறுத்தியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இரவல் கொடுப்பது என்றால் என்ன?

உரிமை உங்களுடையது, வளர்ப்பும் செலவும் சவாரியும் இன்னொரு வீட்டினுடையது. ஊரில் ஆட்டையும் மாட்டையும் பங்கு பேசி வாரத்துக்கு விடுவோமே, ஏறக்குறைய அதுதான். அங்கே ஈனும் குட்டியில் பங்கு உண்டு, இங்கே பங்கு கிடையாது. அவர்கள் பிள்ளை வளர்ந்ததும் குதிரை உங்களிடம் திரும்பி வரும். வரும் என்பதை ஒப்புக்கொண்டுதான் கொடுக்கிறீர்கள். அதற்கு இடம் இல்லாதவர்கள் இந்த வழிக்கு வரக் கூடாது.

வாய்வார்த்தை போதாது. குதிரை நல அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியிடம் மாதிரி ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து உங்களுக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ளுங்கள். எந்த லாயத்தில் நிற்கும், சொல்லாமல் இடம் மாற்றலாமா, யார் யார் ஏறலாம், எத்தனை கிலோ வரை, காப்பீடு யார் பெயரில், நள்ளிரவில் கடும் வயிற்றுவலி வந்து உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் மருத்துவரோடு யார் முடிவெடுப்பது, எத்தனை வாரம் முன்னறிவிப்புக் கொடுத்துத் திருப்பி அனுப்பலாம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். இவற்றில் அந்த மருத்துவ முடிவைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

பாஸ்போர்ட் எனப்படும் அடையாளப் புத்தகம் குதிரையோடுதான் இருக்க வேண்டும் என்பதால் அது அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். அந்தப் புத்தகம் உரிமைக்குச் சான்று ஆகாது. ஆகவே வாங்கிய ரசீது, படங்கள், கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இரவல் கொடுத்த குதிரையை அவர்கள் வேறொருவருக்கு விற்றுவிட்டால் உங்கள் பக்கம் பேசுவது அந்தக் காகிதங்கள்தாம். மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள். போவீர்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

துணைக்குதிரையாக (சவாரிக்கு இல்லாமல், இன்னொரு குதிரைக்குத் துணையாக நிற்க) நல்ல வீட்டுக்கு இலவசமாகக் கொடுக்கிறேன் என்று விளம்பரம் போடலாமா?

வேண்டாம். இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் வருபவர்களில், வலி மருந்து கொடுத்து நடக்கவைத்து, அடுத்த வாரமே சவாரிக் குதிரை என்று விற்றுவிடுகிறவர்களும் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கிழக் குதிரை அப்படிப் போய், மூன்று வாரத்தில் வேறொரு மாவட்டத்தில் விளம்பரத்தில் நின்றது. படத்தில் அதன் நெற்றி வெள்ளையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள். துணைக்குதிரை தேடும் நல்லவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இரவலாகவே கொடுங்கள்.

‘தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்காதே’ என்பார்கள். குதிரை விஷயத்தில் சும்மா வாங்குபவர் பல்லைப் பார்க்கட்டும். கொடுப்பவர் வாங்குபவரின் லாயத்தை நேரில் போய்ப் பார்க்கட்டும்.

தங்கைக்கு இப்போது மூன்று வயது. அவளுக்காக வைத்துக்கொள்ளலாமா?

இரண்டு வருடம் என்றால் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் இடையில் இரவல் கொடுங்கள். வேலை இல்லாத மட்டக்குதிரை கொழுக்கும், குளம்பு நோய் வரும், பழகியதெல்லாம் மறந்து துள்ளத் தொடங்கும். அதன் மேல் ஐந்து வயதுப் பிள்ளையை ஏற்ற முடியாது. தங்கைக்குக் குதிரையே பிடிக்காமல் போகலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

பெண் குதிரைதான். ஒரு குட்டி போடவைத்துப் பார்க்கலாமா?

கூடாது. குட்டிக்குச் சவாரி பழக்கவே நான்கு வருடம் போகும். அதன்பின் அதற்கும் இதே கேள்விதான் எழும்.

விற்கும்போது என்னென்ன காகிதம் வேண்டும்?

அடையாளப் புத்தகம் இல்லாமல் குதிரையை விற்பது குற்றம். 2020 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் எல்லா வயதுக் குதிரைக்கும் கழுத்தில் மைக்ரோசிப் இருந்தாக வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் புத்தகத்தில் தம் பெயரைப் பதிய வேண்டும். புத்தகத்தில் இறைச்சிக்கு உரியதில்லை என்று கையெழுத்திடும் பகுதி ஒன்று இருக்கிறது. விற்பதற்கு முன் அதில் நீங்கள் கையெழுத்திட்டுவிடுங்கள். ஒரு முறை இட்டால் மாற்ற முடியாது.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. குதிரையின் கோட்டோவியம் போட்டு, உடம்பில் எங்கெங்கே சுழி இருக்கிறது என்று குறித்திருப்பார்கள். ஈரோடு பக்கம் வளர்ந்தவள் நான். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்கு அப்பா அழைத்துப்போவார். அங்கே வாங்க வருபவர்கள் முதலில் தேடுவது சுழியைத்தான். இந்த இடத்தில் இருந்தால் யோகம், அந்த இடத்தில் இருந்தால் குடிகெடும் என்று வாதம் நடக்கும். இங்கே மருத்துவர் பிஸ்கட்டின் நெற்றிச் சுழியைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு அந்தச் சந்தைத் தூசி மணத்தது. யோகத்துக்காகப் பார்க்கவில்லை. இரண்டு குதிரைக்கு எல்லாச் சுழியும் ஒரே இடத்தில் அமையாது என்பதால் ஆளடையாளத்துக்குப் பார்க்கிறார்கள்.

வாங்க வருபவரில் எதைப் பார்ப்பது?

சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலால் விலை பேசுவார்கள். அது இங்கே உதவாது. எதையும் திறந்து பேசுங்கள். முதல் முறை நீங்களோ உங்கள் பிள்ளையோ ஏறிக் காட்டிவிட்டுத்தான் அவர்கள் பிள்ளையை ஏற்ற வேண்டும். பெற்றோர் விலையைப் பற்றி அதிகம் கேட்கிறார்களா, என்ன தின்னும் என்று அதிகம் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். அவர்களுக்கு வழிகாட்ட அனுபவமுள்ள ஆசிரியர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். இடத்தைப் போய்ப் பாருங்கள். பசும்புல் முழங்கால் உயரம் நிற்கும் ஐந்து ஏக்கர் வயலைப் பெருமையாகக் காட்டினால், மட்டக்குதிரைக்கு அது ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று பொருள்.

பிள்ளை ஏறுவதற்கு முன் என்ன செய்கிறது என்று பாருங்கள். பிஸ்கட்டை இரவலுக்குக் கேட்டு நான்கு குடும்பங்கள் பார்க்க வந்தன. மூன்று பிள்ளைகள் நேராகச் சேணத்துக்குப் போனார்கள். நான்காவது சிறுமி, ஏழு வயது, கையை விரித்து நீட்டியபடி அசையாமல் நின்றாள். பிஸ்கட் மோந்து முடிக்கும் வரை கையை இழுக்கவில்லை.

ஏலத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். யார் வாங்குகிறார் என்பது உங்கள் கையில் இருக்காது.

வாங்கவும் ஆள் இல்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, குதிரைக்கு வயதும் நோயும். என்ன செய்வது?

முதலில் உதவி கேளுங்கள். 1897இல் தொடங்கிய புளூ கிராஸ், 1927இல் ஏடா கோல் தொடங்கிய வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர் போன்ற அமைப்புகள் ஆலோசனை சொல்வார்கள். இடம் இருந்தால் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அவர்கள் லாயங்களும் நிரம்பியே இருக்கின்றன.

அதுவும் இல்லை என்றால், தீராத வலியோடு கைமாறிக் கைமாறி அலைவதைவிட, தெரிந்த வயலில், தெரிந்த குரல் அருகில் இருக்க, மருத்துவர் கையால் அமைதியாகக் கண்மூடவிடுவது மேல். இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. இங்கே குதிரை வளர்ப்பவர்கள் இதைக் கைவிடுவதாகக் கருதுவதில்லை. கடைசிவரை கூடவே இருப்பதாகத்தான் கருதுகிறார்கள். ஆறு வருடம் பிஸ்கட்டோடு இருந்த பிறகு எனக்கும் அது புரிந்தது. காப்பீடு இருந்தால் முன்கூட்டித் தெரிவித்துவிடுங்கள். கூட மேய்ந்த குதிரை இருந்தால் உடலை அது மோந்து பார்க்க விடுங்கள்; பிறகு தேடிக் கனைத்துக்கொண்டே இருக்காது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பள்ளிக்குப் போயிருக்கும்போது அனுப்பிவிட்டு மாலையில் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். அழுவதைப் பார்க்க நமக்குத் தெம்பில்லை என்பதற்காகப் பிள்ளையின் விடைபெறும் உரிமையைப் பறிக்கக் கூடாது. முடிவு பெரியவர்களுடையது; அதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். “நீயே முடிவெடு” என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது கொடுமை. ஆனால் எந்த வீட்டுக்கு என்பதில் அவர்கள் சொல்லுக்கு இடம் கொடுங்கள். நான்காவது சிறுமியைத் தேர்ந்தெடுத்தது என் மகள்தான்.

போகும் குதிரையைப் பற்றி ஒரு தாள் எழுதச் சொல்லுங்கள். என் மகள் எழுதியதில் சில வரிகள்: ‘இடது காதைத் தொட்டால் பிடிக்காது. தெருவில் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டி நின்றால் பயப்படும். முன்னே நடந்து காட்டுங்கள். வாழைப்பழத் தோல் கேட்கும், கொடுக்காதீர்கள், சர்க்கரை. வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் காத்திருந்து மறுபடி இறுக்குங்கள்.’ எந்த விளம்பரத்திலும் இவ்வளவு விவரம் இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் மாட்டை விற்றால் அப்பா கயிற்றைக் கொடுக்கமாட்டார். வாங்குபவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். அதைச் சொன்னதும் என் மகள் பிஸ்கட்டின் பழைய தலைவாரைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அவர்கள் புதியது கொண்டுவந்தார்கள். பழையது அவள் அறைக் கதவில் தொங்குகிறது. குதிரை வாடை இன்னும் போகவில்லை.

கொடுத்த பிறகு போய்ப் பார்க்கலாமா? திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

விற்றுவிட்டால் அது அவர்கள் குதிரை. அழைத்தால் மட்டும் போங்கள். மறுபடி விற்கும்போது முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்று விற்பனைத் தாளில் எழுதி வாங்கலாம். நடைமுறையில் அதைப் பிடித்து நிறுத்துவது கடினம் என்றாலும், நல்லவர்களுக்கு நினைவூட்டலாக இருக்கும்.

பிஸ்கட் பதினேழு வயதில் இரவலாகப் போனது. பன்னிரண்டு மைல் தூரம்தான். முதல் மாதம் மகள் வரமாட்டேன் என்றாள். இரண்டாம் மாதம் வந்தாள். லாயத்துக் கதவின் உட்புறம் அவள் எழுதிய தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருந்தார்கள். குப்பைத்தொட்டி வரியை அந்தச் சிறுமி பென்சிலால் அடித்திருந்தாள். என் மகள் உடனே அவளைத் தெருவுக்கு அழைத்துப்போய், பிஸ்கட்டை இரண்டு குப்பைத்தொட்டிக்கு நடுவே நடத்திக் காட்டச் சொன்னாள். நடந்தது.

சிறுமிக்கு இப்போது எட்டு வயது, 27 கிலோ. இன்னும் நான்கு வருடம் என்று இரண்டு வீட்டாரும் கணக்குப் போட்டிருக்கிறோம். அப்போது பிஸ்கட்டுக்கு 22 ஆகியிருக்கும். வாடகை லாயத்துக்காரரிடம் பின்புறத்து மெலிந்த புல்வெளியை அதற்காகக் கேட்டு வைத்திருக்கிறேன்.